வருவதற்கு முன்பே நடுங்கிய ஊர்: கோகலின் ‘ரிவிசோர்’ நாடகத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

ரஷ்ய இலக்கியத்தில் ஆர்வமுள்ளவர்களிடம் நிகொலாய் கோகலின் ‘ரிவிசோர்’ நாடகத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: “போலி அதிகாரி ஒருவன் ஒரு சிற்றூருக்குப் போய், எல்லாரையும் ஏமாற்றிப் பணம் பறித்துக்கொண்டு ஓடிவிடும் கதை.” ஊழலைக் கேலி செய்யும் நாடகம் என்ற குறிப்பும் அதோடு ஒட்டிக்கொள்ளும். நாடகத்தைப் படிக்காதவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்றில்லை. எப்போதோ படித்து மறந்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

நாடகத்தைத் திறந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ‘போலி அதிகாரி’ என்று சொல்லப்படும் அந்த இளைஞன், தான் தணிக்கை செய்ய வந்தவன் என்று ஒரு முறைகூடச் சொல்வதில்லை. அவன் திட்டம் எதுவும் தீட்டவில்லை, வேடம் எதுவும் போடவில்லை. நாடகத்தின் பெரும்பகுதியில் தன்னை யாராக நினைத்து இந்த ஊர் இப்படிக் குழைகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. அப்படியானால் அந்த ஊரை ஏமாற்றியது யார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால்தான் கோகல் எதைக் கேலி செய்தார் என்பதும் விளங்கும். அதைத் தொடக்கநிலை வாசகருக்குப் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாள்

முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். பள்ளியில் படித்த நாட்களில், “நாளை மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன்” என்ற அறிவிப்பு வந்தவுடன் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் உடைந்து கிடந்த சன்னல் ஒரே நாளில் சரியாகும். பூட்டியே கிடந்த ஆய்வுக்கூடத்தில் குடுவைகள் வரிசையில் நிற்கும். கேள்வி கேட்டால் எந்த மாணவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்பதுகூட முன்பே முடிவாகிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சன்னல் மாணவர்களுக்காகச் சரிசெய்யப்படவில்லை. பார்க்க வரும் ஒருவரின் கண்ணுக்காகச் சரிசெய்யப்பட்டது. அவர் போன பிறகு குடுவைகள் மறுபடியும் அலமாரிக்குப் போய்விடும்.

‘ரிவிசோர்’ இதே காட்சியுடன்தான் தொடங்குகிறது. பெயர் சொல்லப்படாத ஒரு சிறிய ரஷ்யப் பட்டணம். அங்கிருந்து மூன்று ஆண்டுகள் குதிரையில் பாய்ந்து போனாலும் எந்த அயல்நாட்டையும் அடைய முடியாது என்று அவ்வூர் நகராதிகாரியே சொல்கிறார். அவர் ஊரின் முக்கிய அதிகாரிகளை எல்லாம் வீட்டுக்கு வரவழைத்து, மிகவும் விரும்பத்தகாத செய்தி ஒன்றைத் தெரிவிக்கிறார்: தலைநகரிலிருந்து தணிக்கையாளர் வருகிறார், அதுவும் அடையாளத்தை மறைத்துக்கொண்டு, இரகசிய ஆணையோடு வருகிறார்.

உடனே வெள்ளையடிப்பு தொடங்குகிறது. மருத்துவமனை நோயாளிகளுக்குச் சுத்தமான தொப்பி கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தின் முன்கூடத்தில் காவலாளிகள் வளர்க்கும் வாத்துகள் மனுதாரர்களின் காலுக்கிடையில் ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாவீரன் அலெக்சாந்தரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது உணர்ச்சிவசப்பட்டு நாற்காலியை உடைக்கும் ஆசிரியரை அடக்கி வைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு தேவாலயம் பற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பணம் ஒதுக்கப்பட்டும் கட்டப்படாத அந்தத் தேவாலயத்தைப் பற்றி யாராவது கேட்டால், ‘கட்டத் தொடங்கினோம், தீப்பிடித்து எரிந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டும். யாரேனும் மறதியாக, கட்டத் தொடங்கவே இல்லை என்று உளறிவிடக் கூடாதே என்பதுதான் நகராதிகாரியின் கவலை.

ஐந்து அங்கங்களும் ஒரே மூச்சில்

கதை தெரியாதவர்களுக்காக அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அதே நேரத்தில், ஊரின் விடுதியில் இவான் அலெக்சாந்தரோவிச் ஹ்லெஸ்தகோவ் என்ற சுமார் 23 வயது இளைஞன், சூதாட்டத்தில் பணத்தை இழந்து, இரண்டு வாரமாக வாடகையோ சாப்பாட்டுக் கடனோ கட்ட முடியாமல் முடங்கிக் கிடக்கிறான். அவன் அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கடைநிலை எழுத்தன். சராத்தவ் மாகாணத்தில் உள்ள தந்தையின் கிராமத்துக்குப் போகும் வழியில் இங்கே மாட்டிக்கொண்டவன். அவன்தான் தணிக்கையாளர் என்று ஊர் முடிவு செய்கிறது. நகராதிகாரி அவனைத் தம் வீட்டுக்கே அழைத்துப் போகிறார். அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து ‘கடன்’ கொடுக்கிறார்கள். அவன் நகராதிகாரியின் மனைவியிடமும் மகளிடமும் மாறி மாறிக் காதல் பேசி, மகளை மணப்பதாகச் சொல்லிவிட்டு, நல்ல குதிரைகள் பூட்டிய வண்டியில் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். அவன் நண்பனுக்கு எழுதிய கடிதத்தை, பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பழக்கமுள்ள அஞ்சல் அதிகாரி பிரித்துப் பார்க்க, உண்மை வெளியாகிறது. எல்லாரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருக்கும்போது, உண்மையான தணிக்கையாளர் வந்துவிட்டதாக ஒரு காவல்வீரர் வந்து அறிவிக்கிறார். அத்துடன் திரை விழுகிறது.

மூன்று சொற்கள்

நாடகத்தைப் புரிந்துகொள்ள மூன்று ரஷ்யச் சொற்கள் போதும். ஆங்கில வழி வரும் மொழிபெயர்ப்புகளில் இவை மங்கிவிடுகின்றன என்பதால், சற்று நின்று பார்ப்பது நல்லது.

‘ரிவிசோர்’ என்றால் மேலிடத்தின் ஆணையோடு வந்து ஓர் அலுவலகத்தின் கணக்கையும் நடப்பையும் சரிபார்ப்பவர். இக்கட்டுரையில் அவரைத் தணிக்கையாளர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் ஊர் மக்களால் அழைக்கப்படுபவர் அல்லர், ஊர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் அல்லர். பேரரசின் தலைநகர் அவரை அனுப்புகிறது. அவர் தலைநகருக்கு அறிக்கை தருகிறார்.

‘கரத்னீச்சி’ என்பது நகராதிகாரியின் பதவிப்பெயர். இதைப் பலர் ‘மேயர்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். படிப்பவர்கள் அவரைத் தேர்தலில் வென்றவராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1775-இல் கொண்டுவந்த மாகாணச் சீர்திருத்தத்தின்படி, வட்டத் தலைநகரான ஒவ்வொரு சிறு பட்டணத்திலும் காவல், ஒழுங்கு, நிர்வாகம் ஆகிய அனைத்தையும் பார்த்துக்கொள்ள மேலிருந்து அமர்த்தப்பட்ட அதிகாரி இவர். 1862-இல்தான் இப்பதவி ஒழிக்கப்பட்டது. ஆகவே ஊர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்ற கவலை இவருக்குத் தேவையே இல்லை. மேலே என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டுமே இவருடைய கவலை.

‘சீன்’ என்பது பதவிநிலை. 1722-இல் மகா பீட்டர் வெளியிட்ட பதவிநிலைப் பட்டியல், அரசுப் பணியை 14 படிகளாகப் பிரித்தது. ஒருவரை எப்படி விளிப்பது, அவர் எந்தச் சீருடை அணியலாம், எந்தப் படியைத் தொட்டால் பரம்பரைப் பிரபு ஆகலாம் என்பவை எல்லாம் இந்தப் படிகளைச் சார்ந்தவை. ஹ்லெஸ்தகோவ் 14-ஆம் படியில், அதாவது அடிப்படியில் இருக்கிறான். அவனுடைய வேலைக்காரன் ஓசிப்கூட அதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறான். கோகலுக்கு இந்த உலகம் ஏட்டறிவாக வந்ததன்று. 1809-இல் உக்ரைனின் பல்தாவா பகுதியில் பிறந்து, இருபதாவது வயதையொட்டிப் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்த அவரே அங்கே சில காலம் சிறு எழுத்தராக வேலை பார்த்திருக்கிறார்.

சுருங்கச் சொன்னால், நாடகத்தில் வரும் அதிகாரிகள் எல்லாரும் ஓர் ஏணியில் நிற்பவர்கள். ஏணியில் நிற்பவருக்கு மேலே இருப்பவரின் கால் தெரியும். கீழே இருப்பவரின் தலை தெரியும். இந்த ஏணியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

கையூட்டு, மாமூல், நாய்க்குட்டி

‘இந்த அதிகாரிகள் கெட்டவர்கள், அதனால் கையூட்டு வாங்குகிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டு நாடகத்தைப் படித்தால் பல நகைச்சுவைகள் கைநழுவிப் போகும். ஏனெனில் அவர்கள் தங்களைக் கெட்டவர்களாக நினைக்கவில்லை. மாமூல் என்ற சொல்லைத் தமிழர் நன்கு அறிவர். வழக்கம் என்னும் பொருளில் வந்த சொல், வழக்கமாகக் கொடுத்தாக வேண்டிய பணத்துக்குப் பெயராகிவிட்டது. கையூட்டு வழக்கமாகிவிட்டால் அதில் குற்றவுணர்ச்சி இருக்காது. எவ்வளவு என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும்.

ரஷ்யாவிலும் இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. மாஸ்கோ அரசின் தொடக்க நூற்றாண்டுகளில், ஒரு பகுதிக்கு அனுப்பப்படும் ஆளுநருக்கு ஊதியம் கிடையாது. அந்தப் பகுதி மக்களே தானியமும் இறைச்சியும் பணமும் கொடுத்து அவரைக் காப்பாற்ற வேண்டும். இந்த முறைக்குக் ‘கர்ம்லேனியே’, அதாவது உணவூட்டல் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் இவான் ஆட்சியில் இது சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனால் அதிகாரி தம் ஊரைத் தின்று வாழ்பவர் என்ற எண்ணம் சட்டத்தோடு சேர்ந்து நீங்கிவிடவில்லை. சிறு அதிகாரிகளின் ஊதியம் குறைவாகவே இருந்ததும் அந்த எண்ணத்துக்குத் துணைசெய்தது.

கோகல் இதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் சின்னச் சின்ன விவரங்களில் காட்டுகிறார். நீதிபதியின் பெயர் லியாப்கின்-தியாப்கின். ‘ஏனோதானோ’ என்று நாம் சொல்வதற்கு ஒப்பான ஒலி ரஷ்யக் காதுக்கு அதில் கேட்கும். வாழ்நாளில் ஐந்தாறு புத்தகம் படித்தவர் என்பதால் ஊரில் அவருக்குச் சிந்தனையாளர் என்ற பெயர். தாம் வாங்குவது வேட்டை நாய்க்குட்டிகளை மட்டுமே என்பதால் அது கையூட்டே ஆகாது என்று அவர் வாதிடுகிறார். வணிகர்களின் முறையீடு இன்னும் சுவையானது. நகராதிகாரியின் பெயர் அந்தோன். எனவே புனித அந்தோன் நாளில் அவருக்குக் காணிக்கை செலுத்தியாக வேண்டும். அது போதாமல், புனித ஒனூப்ரி நாளும் தம் பெயர்நாள்தான் என்று சொல்லி இரண்டாவது முறையும் வாங்கிக்கொள்கிறாராம்.

இவை அனைத்துக்கும் சிகரம் ஒரே ஒரு வாக்கியம். ஒரு வணிகர் சீருடைக்காக இரண்டு முழத் துணி கொடுக்க, கீழ்நிலைக் காவலர் ஒருவர் முழுச் சுருளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நகராதிகாரி அவரைக் கண்டிக்கிறார்: “பார்த்துக்கொள், உன் பதவிக்கு மீறி வாங்குகிறாய்!” வாங்கியது தவறில்லை, படிக்கு மீறி வாங்கியதே தவறு. பதவிநிலைப் பட்டியலுக்குள் கையூட்டுக்கும் 14 படிகள் இருக்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்த வாக்கியம் ரஷ்ய மொழியில் பழமொழியாகவே மாறிவிட்டது.

விடுதி அறையில் நடந்தது என்ன

இப்போது நாடகத்தின் நடுநாடிக்கு வருகிறோம். ஹ்லெஸ்தகோவ்தான் தணிக்கையாளர் என்று முதலில் சொன்னவர்கள் பாப்சின்ஸ்கி, தோப்சின்ஸ்கி என்ற இரண்டு வம்பளக்கும் நிலக்கிழார்கள். அவர்கள் காட்டும் சான்றுகளைப் பாருங்கள்: அவன் விடுதியில் இருக்கிறான், பணம் கொடுப்பதில்லை, ஊரைவிட்டும் போவதில்லை, நாங்கள் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் தட்டுகளையே உற்றுப் பார்த்தான். பசித்தவன் பிறர் தட்டைப் பார்ப்பான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கூர்ந்து கவனிப்பவன் என்றால் அவன் தணிக்கையாளனாகத்தான் இருக்க வேண்டும்! பணம் கொடுக்காமல் சாப்பிடுகிறவன் அதிகாரியாக இல்லாமல் வேறு யாராக இருப்பான் என்பதும் அந்த ஊரின் அனுபவத்தில் நியாயமான கேள்விதான்.

அவன் வந்து இரண்டு வாரம் ஆகிறது என்று கேட்டதும் நகராதிகாரி தலையில் கைவைத்துக்கொள்கிறார். அந்த இரண்டு வாரத்தில்தான் ஒரு படைவீரரின் மனைவிக்குச் சவுக்கடி கொடுக்கப்பட்டது. கைதிகளுக்கு உணவு வழங்கப்படவில்லை. தெருக்களில் குப்பை அள்ளப்படவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் அரண்டது விடுதியில் இருப்பவனைக் கண்டு அன்று, தம் சொந்தக் கணக்கேட்டைக் கண்டு.

பிறகு அவர் விடுதிக்குப் போகிறார். இரண்டாம் அங்கத்தின் இந்தச் சந்திப்பு, என் கணிப்பில், முழு நாடகத்தையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடுகிறது. உள்ளே இருப்பவன், கடன் கட்டாததற்காகத் தன்னைச் சிறையில் தள்ளத்தான் நகராதிகாரி வந்திருக்கிறார் என்று நடுங்குகிறான். உள்ளே நுழைந்தவர், தம் குற்றங்களை விசாரிக்கத்தான் தணிக்கையாளர் காத்திருக்கிறார் என்று நடுங்குகிறார். இரண்டு பயங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசத் தொடங்குகின்றன.

ஹ்லெஸ்தகோவ் தற்காப்புக்காக விடுதிக்காரரைக் குறைசொல்கிறான்: மாட்டிறைச்சி மரக்கட்டைபோல் இருக்கிறது, சூப்பு வாயில் வைக்க முடியவில்லை. நகராதிகாரிக்கு இது தம் நிர்வாகத்தின் மீதான குற்றச்சாட்டாகக் கேட்கிறது; சந்தையில் நல்ல இறைச்சி இருப்பதாகச் சொல்லி, அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார். ‘வேறு இடம்’ என்றால் சிறைதான் என்று இவன் புரிந்துகொண்டு, தானும் பீட்டர்ஸ்பர்க்கில் அரசு ஊழியன், அமைச்சரிடமே முறையிடுவேன் என்று கத்துகிறான். அமைச்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் நகராதிகாரி உதறலோடு தாமாகவே வாக்குமூலம் கொடுக்கத் தொடங்குகிறார்: கையூட்டு வாங்கினாலும் ஏதோ சாப்பாட்டுக்கும் ஓரிரண்டு உடைகளுக்கும்தான், படைவீரரின் மனைவியை அடித்தேன் என்பதெல்லாம் அவதூறு. யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் இது. ஹ்லெஸ்தகோவுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண்ணை அடித்திருக்கலாம், என்னை அடிக்க உமக்கு அதிகாரம் இல்லை, கடனைக் கட்டிவிடுவேன், இப்போது கையில் காசு இல்லை என்கிறான்.

இதுதான் அவன் பேசும் உண்மை. அப்பட்டமான, முழுமையான உண்மை. நகராதிகாரி அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்? அடடா, எவ்வளவு நுட்பமான ஆள், எப்படிப் புகைமூட்டம் போடுகிறான் என்று வியக்கிறார். காசு இல்லை என்ற உண்மை, கையூட்டுக்கான நாகரிகமான கோரிக்கையாக அவர் காதில் விழுகிறது. அவன் 200 ரூபிள் கடன் கேட்க, இவர் 400-ஐத் திணித்துவிட்டு, எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டானே என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்.

எனவே முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஊரை ஏமாற்றியது ஹ்லெஸ்தகோவ் அல்லன். பயத்தால் உந்தப்பட்டு, பதவி என்ற கண்ணாடி வழியாக மட்டுமே மனிதர்களைப் பார்க்கப் பழகிய ஊர், தானே தன்னை ஏமாற்றிக்கொண்டது. ரஷ்ய ஆய்வாளர் யூரி மான் இதற்குக் ‘கானல் பின்னல்’ என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்: கதை முழுவதும் ஓடுகிறது, பரபரக்கிறது, பணம் கைமாறுகிறது, திருமணம் நிச்சயமாகிறது, ஆனால் நடுவில் இருக்க வேண்டிய பொருள் மட்டும் இல்லை.

வெற்றிடம் வீங்கும் விதம்

மூன்றாம் அங்கத்தில் ஹ்லெஸ்தகோவ் பொய் சொல்கிறானே என்று யாரும் கேட்கலாம். சொல்கிறான், அளவில்லாமல் சொல்கிறான். விருந்தும் மதுவும் உள்ளே போன பிறகு, தன் வீட்டு விருந்தில் 700 ரூபிள் விலையுள்ள தர்ப்பூசணி வைப்பதாகவும், சூப்பு பாரிஸிலிருந்து சட்டியோடு கப்பலில் வருவதாகவும், ஒரு துறையை நிர்வகிக்கச் சொல்லித் தன்னை அழைக்க 35,000 தூதர்கள் ஓடிவந்ததாகவும், பெருங்கவிஞர் புஷ்கின் தனக்கு நெருங்கிய நண்பர் என்றும் அளக்கிறான். நடுவே வாய் தவறி, நான்காம் மாடிக்குப் படியேறி ஓடிப்போய்ச் சமையற்காரியிடம் மேலங்கியைக் கழற்றிக் கொடுப்பதைச் சொல்லிவிட்டுச் சமாளிக்கிறான். அரங்கில் இருப்பவர்களுக்கு இந்த வழுக்கல் கேட்கிறது. மேடையில் நிற்கும் அதிகாரிகளுக்குக் கேட்பதில்லை.

ஆனால் இந்தப் பொய்க்கு நோக்கம் இல்லை என்பதுதான் முக்கியம். பணம் பறிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அவன் பொய் சொல்லவில்லை. கேட்பவர்கள் வாயைப் பிளந்து நிற்பதால், அந்த வாய்களை நிரப்புவதற்காகப் பேசுகிறான். பேசும்போது தானே அதை நம்பியும் விடுகிறான். ஏணியின் அடிப்படியில் நிற்பவன் மேல்படியைப் பற்றிக் காணும் கனவு அது. நடிகர்களுக்கு எழுதிய குறிப்பில் கோகல், இந்தப் பாத்திரத்தை நடிப்பவர் எவ்வளவு வெள்ளந்தியாகவும் எளிமையாகவும் நடிக்கிறாரோ அவ்வளவுக்கு வெற்றி பெறுவார் என்று கூறியிருக்கிறார். முதல் அரங்கேற்றத்தில் நடித்த த்யூர் அவனை வழக்கமான மேடைப் புளுகனாக ஆக்கிவிட்டார் என்பது கோகலின் தீராத மனக்குறையாக இருந்தது. இன்றைக்கும் ‘ஏமாற்றுக்காரன் கதை’ என்று நாடகத்தைச் சுருக்குபவர்கள் த்யூர் செய்த அதே பிழையைத்தான் செய்கிறார்கள்.

நான்காம் அங்கத்தில்தான், இவர்கள் தன்னை அரசாங்கத்தின் பெரிய ஆளாக நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதற்குள் நீதிபதி 300, அஞ்சல் அதிகாரி 300, பள்ளிகளின் மேற்பார்வையாளர் 300, அறநிலையங்களைக் கவனிப்பவர் 400 என்று பணம் வந்துவிட்டது. பாப்சின்ஸ்கியும் தோப்சின்ஸ்கியும் பையைத் துழாவி 65 ரூபிள்தான் தேற்ற முடிகிறது. பாப்சின்ஸ்கிக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பியதும் அங்குள்ள பெரிய மனிதர்களிடம், இன்ன ஊரில் பியோத்தர் இவானவிச் பாப்சின்ஸ்கி என்று ஒருவர் வாழ்கிறார் என்று சொல்ல வேண்டும், ஜார் மன்னரிடம் பேச நேர்ந்தால் அவரிடமும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதைப் படிக்கும்போது சிரிப்பு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

சன்னலில் நீண்ட கைகள்

கேலி அதிகாரிகளின் மேல் மட்டும்தானா? வணிகர்கள் நகராதிகாரியைப் பற்றி முறையிட வருகிறார்கள். வரும்போதே மதுவும் சர்க்கரைக் கட்டிகளும் கொண்டுவருகிறார்கள். கொள்ளையடிப்பவரைப் பற்றிய புகாரும் காணிக்கையோடுதான் வர வேண்டும் என்பது அவர்களுக்கு இயல்பாகப் படுகிறது. பூட்டுத் தொழிலாளியின் மனைவி வருகிறாள்: முறைப்படி தையற்காரரின் மகன் படைக்குப் போயிருக்க வேண்டும், அவன் பெற்றோர் பரிசு கொடுத்துவிட்டதால் என் கணவனைப் பிடித்துப் போய்விட்டார்கள். அடிபட்ட படைவீரரின் மனைவியும் வருகிறாள். அவளை ஆள் மாறி அடித்துவிட்டார்கள்; அந்தத் தவறுக்கு அபராதம் வாங்கித் தந்தால் இந்தச் சமயத்தில் பணம் உதவியாக இருக்கும் என்கிறாள். நகராதிகாரியோ, அவள் தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொண்டாள் என்று சாதிக்கிறார்.

அதன் பிறகு சன்னல் வழியாக மனுக்களைப் பிடித்த கைகள் உள்ளே நீள்கின்றன. ஹ்லெஸ்தகோவ் சலித்துப்போய், வேண்டாம், வேண்டாம் என்று விரட்டிவிடுகிறான். இந்தச் சிறு காட்சியை அவசரமாகப் படித்துத் தாண்டிவிடக் கூடாது. ஊரில் நீதிமன்றம் உண்டு, காவல் உண்டு, அறநிலையம் உண்டு; ஆனால் மக்களின் கைகள் நீள்வது தலைநகரிலிருந்து வந்தவனாகக் கருதப்படும் அந்நியனை நோக்கியே. அதிகாரிகள் எந்தத் திசையைப் பார்த்து நடுங்குகிறார்களோ, மக்களும் அதே திசையைப் பார்த்தே நம்பிக்கை வைக்கிறார்கள். அந்தத் திசையில் அப்போது நின்றுகொண்டிருப்பவன் ஒரு வெற்று இளைஞன்.

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்துக்கொள்வோம். பொறுப்பு மேல்நோக்கி மட்டுமே இருக்கும் ஓர் ஏணி. அந்த ஏணியில் படிக்குத் தக்கபடி வழக்கமாகிவிட்ட கையூட்டு. மேலிருந்து ஒருவர் வருகிறார் என்ற சொல்லாலேயே விழித்துக்கொள்ளும் பயம். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். நடுவில் யாரை வைத்தாலும் இயந்திரம் ஓடும்.

ஜார் சிரித்தார், மற்றவர்கள் சினந்தார்கள்

இந்தக் கருவைத் தந்தவர் புஷ்கின். 1835 அக்டோபரில் கோகல் அவருக்குக் கடிதம் எழுதி, ஏதாவது ஒரு கரு, அசலான ரஷ்யச் சம்பவம் ஒன்று கொடுங்கள், ஐந்து அங்கத்தில் நகைச்சுவை நாடகம் எழுதிவிடுகிறேன் என்று வேண்டினார். 18-ஆம் நூற்றாண்டில் நடந்த புகச்சோவ் கிளர்ச்சி பற்றிய செய்திகளைத் திரட்ட 1833-இல் பயணம் போன புஷ்கினையே, இரகசியத் தணிக்கைக்கு வந்தவர் என்று மாகாண அதிகாரிகள் ஐயுற்றதாக அக்காலத்தவரின் நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன.

நாடகம் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1836 ஏப்ரல் 19 அன்று பீட்டர்ஸ்பர்க்கின் அலெக்சாந்தரின்ஸ்கி அரங்கில் மேடையேறியது. நூலோ நாடகமோ எதையும் அரசு சோதித்து வெட்டிய அந்தக் காலத்தில் இது எப்படி அனுமதி பெற்றது? கவிஞர் ஜுகோவ்ஸ்கி போன்ற அரண்மனைச் செல்வாக்குள்ள நண்பர்களின் வழியாக அது ஜார் முதலாம் நிக்கலாஸின் ஒப்புதலைப் பெற்றது. முதல் காட்சிக்கு வந்த ஜார் வாய்விட்டுச் சிரித்ததாகவும், எல்லாருக்கும் உரியது கிடைத்தது, எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகம் என்று சொன்னதாகவும் மரபாகக் கூறப்படுகிறது. கீழ்நிலை அதிகாரிகள் கெட்டவர்கள், மேலிருந்து வரும் தணிக்கையாளர் சரிசெய்வார் என்று அவர் நாடகத்தைப் புரிந்துகொண்டிருந்தால் வியப்பில்லை. கோகலுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. எல்லாரும் எனக்கு எதிராக இருக்கிறார்கள், அதிகாரிகள், காவல்துறையினர், வணிகர்கள், எழுத்தாளர்கள் எல்லாருமே என்று நடிகர் ஷேப்கினுக்கு எழுதிவிட்டு, அவ்வாண்டு கோடையிலேயே வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். அதே ஆண்டில் த்சித்சியானோவ் என்ற பிரபு, தணிக்கையாளர் நேர்மையாக எல்லாவற்றையும் நேராக்குவதாக ஒரு தொடர்ச்சி நாடகத்தை எழுதி மேடையேற்றினார். அது வந்த வேகத்தில் மறைந்துபோனது.

கோகல் 1842-இல் நாடகத்தைத் திருத்தியபோது இரண்டு சேர்க்கைகள் வந்தன. ஒன்று, முகப்பில் வைத்த பழமொழி: முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறைசொல்லாதே. மற்றொன்று, உண்மை தெரிந்த பிறகு நகராதிகாரி திரும்பிக் கேட்கும் கேள்வி: “எதற்குச் சிரிக்கிறீர்கள்? உங்களைப் பார்த்தே சிரிக்கிறீர்கள்!” முப்பது ஆண்டு அரசுப் பணியில் மூன்று ஆளுநர்களை ஏமாற்றியவர் தாம் என்று பெருமைப்பட்ட மனிதரின் வாயிலிருந்து அது வருகிறது.

பின்னாளில் சமயச் சிந்தனையில் ஆழ்ந்த கோகல் 1846-இல் வேறொரு விளக்கம் எழுதினார். நாடகத்தில் வரும் ஊர் நம் ஒவ்வொருவருடைய ஆன்மா; அதிகாரிகள் நம் தீய விருப்பங்கள்; கடைசியில் வரும் தணிக்கையாளர் விழித்தெழும் மனச்சாட்சி என்றார் அவர். மாஸ்கோவில் நகராதிகாரியாக நடித்துப் புகழ்பெற்ற ஷேப்கின் இதை ஏற்கவில்லை. இவர்கள் எனக்கு உயிருள்ள மனிதர்கள், இவர்களுக்கு நடுவே நான் வளர்ந்திருக்கிறேன், இவர்களை என்னிடமிருந்து பறிக்காதீர்கள் என்ற பொருளில் ஆசிரியருக்கே மறுப்பு எழுதினார். நான் ஷேப்கின் பக்கம். நாய்க்குட்டி வாங்கும் நீதிபதியை மனித மனத்தின் ஒரு குணமாக மாற்றிவிட்டால் நாய்க்குட்டி காணாமல் போய்விடுகிறது.

அசையாத ஒன்றரை நிமிடம்

தொடக்க வாசகர்கள் கடைசியாகக் கவனிக்க வேண்டியது, வசனமே இல்லாத இறுதிக் காட்சி. காவல்வீரர் வந்து, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஆணையோடு வந்த அதிகாரி உங்களை உடனே அழைக்கிறார், அவர் விடுதியில் தங்கியிருக்கிறார் என்று சொன்னதும், மேடையில் இருப்பவர் அனைவரும் கல்லாகிவிடுகிறார்கள். யார் எப்படி உறைந்து நிற்க வேண்டும் என்று கோகல் ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்திருக்கிறார்: நகராதிகாரி நடுவில், கைகளை விரித்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தபடி தூண்போல, அஞ்சல் அதிகாரி பார்வையாளரை நோக்கிய ஒரு கேள்விக்குறியாக, நீதிபதி தரையைத் தொடும் அளவுக்குக் குந்தியபடி, சீழ்க்கை அடிக்கப்போவதுபோல் உதடுகளைக் குவித்துக்கொண்டு. இந்த நிலை ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நீடிக்க வேண்டும் என்பது அவர் குறிப்பு.

உண்மையான தணிக்கையாளர் மேடைக்கு வருவதே இல்லை. அவர் நல்லவரா, அவரும் ‘கடன்’ வாங்குவாரா என்பதைக் கோகல் சொல்லவில்லை. அவர் தங்கியிருப்பதும் விடுதியில்தான், அதாவது ஹ்லெஸ்தகோவ் இருந்த இடத்திலேயே. நகராதிகாரி மறுபடியும் அங்கேதான் போக வேண்டும்.

முதல் அரங்கேற்றத்தில் இந்தக் காட்சி எடுபடவில்லை என்று கோகல் வருந்தினார். நடிகர்கள் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கும் வழக்கம் அன்றைய மேடையில் இல்லை. 1926 டிசம்பரில் மாஸ்கோவில் இந்நாடகத்தை இயக்கிய மெயர்ஹோல்த் இதற்கு ஒரு வழி கண்டார். இறுதியில் திரை உயர்ந்தபோது மேடையில் எல்லாரும் கோகல் குறித்த நிலைகளில் உறைந்து நின்றார்கள். அவை நடிகர்களின் உருவில், அவர்களுடைய உடைகளோடு செய்துவைக்கப்பட்ட பொம்மைகள் என்பது பார்வையாளர்களுக்குச் சற்று நேரம் கழித்தே தெரிந்தது.